சித்தப்பா சுவரில் எழுதிய நாலு வாத்தியம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. காலை மாத்திரை போட்டாயிற்றா என்று டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நம் குடியிருப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு சின்ன வயதுச் சமாசாரம் எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் சொன்னார். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வாய் வராது. நீங்களே பார்த்திருக்கிறீர்கள், ஓரமாக உட்கார்ந்து சுண்டலை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுவேன். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே, அதனால் எழுதுகிறேன்.

என் சித்தப்பா சினிமாவுக்குச் சங்கீதம் போட்டவர்.

அப்பாவுக்கு நேர் இளையவர். சின்னப் பையனாக நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய், அங்கே ஆர்மோனியம் பழகி, பேசும் படம் வந்த புதிதில் மெட்ராசுக்குப் போனார். முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. அதனால் மேடையில் நிற்க விடவில்லை, படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். “தழும்பு மட்டும் இல்லேன்னா நான் ராஜபார்ட்டு, குட்டி. ஜனங்க தப்பிச்சாங்க” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மெட்ராசில் சில படங்களுக்கு மெட்டுப் போட்டார். மெட்டு மட்டுமில்லை, எந்த இடத்தில் பிடில் வரவேண்டும், எந்த இடத்தில் அது வாயை மூடிக்கொண்டு கிளாரினெட்டை விடவேண்டும் என்று வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலையும் அவருடையது. ஆனால் திரையில் அவர் பெயர் வந்ததில்லை. கம்பெனிக்கு வேண்டிய பெரிய வித்வான் யாருடைய பெயராவது வரும். சித்தப்பாவுக்குச் சாப்பாடும், வேஷ்டியும், ஒரு கைகுலுக்கலும். சித்தி இதெல்லாம் சரிப்படாது என்று துறையூரில் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள்.

நான் சொல்லப்போகிற கோடையில் அவர் ஒரு டிரங்குப் பெட்டியும் ஆர்மோனியமுமாக ஸ்ரீரங்கம் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. திருச்சி ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் படம் எடுக்கிறார், மெட்ராசிலிருந்து டைரக்டரை நம் வீட்டுக்கே அழைத்து வருகிறார், ஒரு கட்டத்துக்கு மட்டும் சங்கீதம் வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் முழுப் படமும் சித்தப்பாவுக்கு, திரையில் அவர் பெயரே வரும். பிடிக்காவிட்டால் டைரக்டர் கையோடு வேறு ஆளை வைத்துக்கொள்வார். அதற்கு மேல் தமக்கு இன்னொரு படம் வராது என்று அவருக்குத் தெரியும். அதை அவர் ஒளிக்கவில்லை. வந்த அன்றைக்கே அம்மாவிடம், “இதான் அண்ணி, இதுக்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றார்.

அப்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. சின்னம்மைதான். தம்பி தங்கைகளை ஜீயபுரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். பால்காரர்கூட சொம்பைத் தூரத்தில் வைக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார். என்ன ஏது என்று கேட்கவும் மாட்டார்கள். சமயபுரத்து அம்மா வந்திருக்கிறாள், அவ்வளவுதான், கையைக் கூப்பிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

கொல்லைப் பக்கத்துச் சின்ன அறையில் என்னைப் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. தொட்டியத்திலிருந்து வருகிற கட்டுகளில் குருத்து இலையாகப் பார்த்து எடுத்துவந்து பாயின்மேல் விரிப்பார். அந்தக் குளிர்ச்சியும், இலை வாடும்போது வருகிற பச்சை வாசனையும் இப்போதும் ஜுரம் வந்தால் எனக்கு ஞாபகம் வரும். வீட்டில் தாளிப்புக் கிடையாது. கடுகு வெடிக்கிற சத்தமே இல்லாத வீடு எப்படி இருக்கும் என்கிறீர்கள்? ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கும். அம்மா கஞ்சி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் உத்திரத்தில் ஓடுகிற எறும்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அரித்தால் வேப்பிலையால் தடவிக்கொள்ள வேண்டும். பேச ஒரு ஜீவன் கிடையாது.

சித்தப்பாவுக்கு அம்மை பற்றிப் பயமில்லை, அவருக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. என் அறை ஜன்னலுக்கு எதிரே மாட்டுக் கொட்டகை. மாட்டை அதற்கு முன்னமே விற்றாயிற்று. அதைக் கூட்டி மெழுகி அங்கேதான் அவர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டார்.

அவர் பாடவே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் முதல் குறை அதுதான். சங்கீதக்காரர் என்றால் ஒரு கீர்த்தனையாவது பாட வேண்டாமா? இவர் வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் நீள நீளமாகக் கோடு போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஸ்வரங்களை எழுதினார். எட்டி நின்று பார்ப்பார். விரலால் அழிப்பார். அம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது.

“என்ன தம்பி இது, பொங்கலுக்கு அடிச்ச சுவரு! ஒரு காகிதத்துல எழுதக் கூடாதா?”

“காகிதத்துல எழுதினா ஒருத்தர் மூஞ்சிதாங்க அண்ணி தெரியும். சுவத்துல எழுதினாத்தான் நாலு பேரும் எதிரே நிப்பாங்க. யாரு யாரை இடிக்கிறாங்கன்னு பார்க்க வேணாமா?”

“எனக்கு நீங்கதான் சுவத்தை இடிக்கிற மாதிரி இருக்கு” என்று அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “யாரு சித்தப்பா அந்த நாலு பேரு?” என்று கேட்டேன். நான் வாய் திறந்ததே அவருக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள்.

அந்தப் படத்தின் கதையில் ஒரு கட்டம். கதாநாயகி பரிசலில் ஏறி ஆற்றைக் கடந்து போகிறாள், அவள் குழந்தை இந்தக் கரையில் நிற்கிறது. பேச்சுக் கிடையாது, பாட்டும் கிடையாது. அந்தக் காலத்தில் தும்மினால்கூடப் பாட்டு. இவருக்கு அங்கே வாத்தியம் மட்டும் போதும் என்று தோன்றியிருக்கிறது. கிளாரினெட் பரிசல். பிடில் அந்தக் குழந்தை. ஆர்மோனியம் தண்ணீர். பொன்மலை ரயில்வேக்காரர்கள் டான்சில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பிடிலை நிற்க வைத்து வாசிப்பார்களாம், அது கரை.

“கரைக்கு எதுக்கு வாத்தியம்? அது சும்மாதானே இருக்கும்?”

“சும்மா இருக்கிறதுதாண்டி கஷ்டம். அது ஒரே ஸ்வரத்துல நிக்கணும். கரை அசைஞ்சுட்டா, பரிசல் போகுதா வருதான்னு யாருக்குத் தெரியும்?”

வீட்டில் அம்மை இருக்கும்போது வாத்தியக்காரர்கள் வர முடியாது. ஆகவே நாலு பேர் பாகத்தையும் அவரே ஆர்மோனியத்தில் தனித்தனியாக வாசித்துப் பார்ப்பார். காலையில் கிளாரினெட் பாகம். வெயில் ஏறியதும் பிடில். தனியாகக் கேட்டால் ஒன்றும் விளங்காது. நடுவில் பாதியில் நிற்கும், எங்கேயோ ஆரம்பிக்கும், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வாங்காமல் போகிற மாதிரி இருக்கும். அண்டைவீட்டு அத்தை கொல்லை வேலிப் பக்கத்திலிருந்து, “உங்க கொழுந்தனாருக்கு மறந்துபோச்சா, திரும்பத் திரும்ப அதையே தட்டறாரே?” என்று கேட்டாள். அம்மாவுக்கு மானம் போய்விட்டது.

எனக்கு மட்டும் வேறு வேலை இல்லை. இலையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் கேட்டதையும் மத்தியானம் கேட்டதையும் மனதுக்குள் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். இரண்டு சேரும். மூன்றாவது வரும்போது முதலாவது நழுவிவிடும்.

மெட்ராஸ் கதையும் சொல்வார். ஆரம்பத்தில் பாட்டைத் தனியாகப் பதிவு செய்கிற வழக்கம் இல்லையாம். தோட்டத்தில் நடிகை பாடிக்கொண்டே நடப்பாள், கேமராவில் தெரியாமல் வாத்தியக்காரர்கள் செடிக்குப் பின்னால் குனிந்து கூடவே நடக்க வேண்டும். சித்தப்பா ஆர்மோனியத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போவார். தபலாக்காரர் இடுப்பில் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பாராம். “மைக்கை மாமரத்துல தொங்க விட்டிருந்தாங்க. சரணம் முடியப் போற நேரத்துல ஒரு காக்கா அதுமேலயே உக்காந்து கத்திச்சு பாரு. மறுபடி முதல்லேருந்து! நான் நின்னது முசுத்துக் கூட்டுக்குப் பக்கத்துல. எறும்பு காலுல ஏறுது, நான் கல்யாணி வாசிக்கிறேன்.” நான் சிரித்ததில் அம்மைக் கொப்புளம் ஒன்று உதட்டோரம் வெடித்துவிட்டது. அம்மா இருவரையும் திட்டினாள்.

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்தி எழுத வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது அவர்கள் பேசியது என் அறைக்குக் கேட்டது.

“டேய், மண்டிக்கு வந்து உக்காருடா. எனக்கும் முன்னே மாதிரி கட்டு இறக்க முடியலை. உன் பொண்டாட்டியை நானே துறையூர் போய்க் கூட்டியாறேன்.”

“இந்தப் படம் ஒண்ணு பார்த்துடறேண்ணே.”

“போன தடவையும் இதான் சொன்னே. வரும்போது எப்படி வந்தே? எழும்பூர்லேருந்து யாரோ ஏத்திவிட்டு, ஜன்னியில பேரைக்கூடச் சொல்லத் தெரியாம வந்து விழுந்தே. அண்ணி கஞ்சி ஊட்டினா. மறந்துபோச்சா?”

“மறக்கலைண்ணே.”

“இன்னொரு தடவை அப்படி வந்தா நான் தாங்க மாட்டேன்டா.”

சாதம் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். வாசல் கொத்தை எடுத்து ஆற்றில் விட்டார்கள். அன்று அம்மா கடுகு தாளித்த வாசனையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தப்பா அன்றே திருச்சிக்குப் போய், பாண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர், மேலப்புதூர் பக்கம் மாதா கோயிலில் பிடில் வாசிக்கிற வாத்தியார், பொன்மலைக்காரர் எல்லாரையும் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் நம் கொட்டகைக்கு வருவது. கொஞ்ச நேரம் சேர்ந்து வாசித்துப் பார்ப்பது. பிறகு முதலாளியின் காரில் டைரக்டர் வருவார். அன்று மாலையே அவருக்கு மெட்ராஸ் ரயில்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சித்தப்பா கொல்லைக் கதவைத் திறந்து, தோப்பு வழியாகக் காவிரிக்குக் குளிக்கப் போனார். எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ரேழியில் அம்மா பேசுவது கேட்டது.

“ஏங்க, மூணாம் தண்ணி ஊத்தியாச்சே. மறுபடி இது எதுக்கு?”

“கிடக்கட்டும். நீ உள்ளே போ.”

“அம்மா சமாசாரங்க. விளையாட்டுப் பண்ணாதீங்க.”

“உள்ளே போன்னு சொன்னேன்ல.”

நான் எட்டிப் பார்த்தேன். நிலையில் புது வேப்பிலை. இலையில் ஈரம் இருந்தது. அம்மைக்குப் பிறகு இன்னும் ஏதோ சடங்கு பாக்கி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் செய்வதை நான் என்றைக்குக் கேள்வி கேட்டேன்?

சித்தப்பா நெற்றியில் விபூதியோடு கொல்லை வழியாகவே திரும்பி வந்தார். அப்பா கொட்டகைக்கு வந்து, “நீ இங்கேயே இரு. வாசல்ல நான் நிக்கறேன், வர்றவங்களை நான் உள்ளே அனுப்பறேன்” என்றார். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் மண்டிக்குக்கூடப் போகாமல் தனக்காக வாசலில் நிற்கிறார்.

கொட்டகையில் பாய் விரித்திருந்தது. பொன்மலைக்காரருக்குத் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி. என்னைக் கவிழ்த்த கூடையின்மேல் உட்கார வைத்து, “அவங்க வர்ற வரைக்கும் நீதான் டைரக்டர். பிடிக்கலேன்னா மூஞ்சியைச் சுளிக்கணும், தெரிஞ்சுதா?” என்றார். அடுக்களையிலிருந்து கேசரி வாசனை வந்தது. அம்மா முதல்நாளே ரவை வாங்கி வைத்திருந்தாள்.

வாசல் பக்கம் குதிரை வண்டிச் சத்தம் வந்தது. நின்றது. சித்தப்பா எழுந்து மேல்துண்டைச் சரிசெய்தார். குதிரை கால் மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சலங்கை தெருவோடு தேய்ந்துபோனது.

“அடுத்த வீட்டுக்குப் போல” என்றார்.

அவர் கிளாரினெட் பாகத்தை மெதுவாக வாசித்தார். பிறகு பிடில் பாகம். வெயில் முற்றத்துக்கு இறங்கியது. கார் ஹாரன் ஒரு தடவை கேட்டது, அவ்வளவுதான். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடாமல், கையை அதன்மேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. நான் மூஞ்சியைச் சுளிக்கவே இல்லை.

மத்தியானம் ஆனதும் அவர் எழுந்து வீட்டுக்குள் நடந்து வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் வேப்பிலை. சித்தப்பா அதை நிமிர்ந்து பார்த்தார். கையை உயர்த்தி ஒரு இலையைக் கிள்ளி விரலில் கசக்கினார். அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா குனிந்து என் நெற்றியில் கை வைத்தார்.

“உனக்கு மறுபடி சுடுதா குட்டி?”

“இல்ல சித்தப்பா.”

“அம்மாவுக்கு?”

“அம்மா கேசரி கிண்டறாங்க.”

தலையை ஆட்டினார். அப்பாதான், தெருவைப் பார்த்தபடியே, “பசிக்கலையாடா? வா, சாப்பிடலாம்” என்றார்.

“சரிண்ணே.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேசரியும் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் பரிமாறிவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை.

அடுத்த வாரம் சித்தப்பா மண்டிக்குப் போக ஆரம்பித்தார். சித்தி திரும்பி வந்தாள். ஊரே அப்பாவைப் புகழ்ந்தது, தம்பியைக் கரையேற்றிவிட்டார் என்று. அந்தப் படம் வேறு யாரோ சங்கீதம் போட்டு வந்தபோது அப்பாவே எங்களையெல்லாம் திருச்சிக்கு வண்டி வைத்து அழைத்துப்போய்க் காட்டினார். சித்தப்பாவும் வந்தார். பரிசல் வந்த இடத்தில் கதாநாயகி ஒரு பாட்டுப் பாடினாள். ஜனங்கள் அழுதார்கள். வெளியே வந்ததும் அப்பா, “எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டார். “நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு” என்றார் சித்தப்பா. பொங்கலுக்குக் கொட்டகைச் சுவரை வெள்ளையடித்தார்கள். ஆர்மோனியம் பரணுக்குப் போய், பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

வாத்தியக்காரர்கள் தன்னை மதிக்காமல் வராமல் இருந்துவிட்டார்கள் என்ற ஏமாற்றத்தில்தான் சித்தப்பா சங்கீதத்தை விட்டார் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். என் பேத்திக்கு அம்மை போட்டபோது அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியும். அன்று மத்தியானமே சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தால் டைரக்டரைப் பிடித்திருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? வீட்டில் அம்மை இல்லை என்றால், எங்கள் அண்ணன் அம்மன் பெயரால் பொய்யாக வேப்பிலை கட்டினார் என்று சொன்னதாகும். அதைவிட ஒரு பழி அந்த ஊரில் உண்டா? ஜன்னியில் கஞ்சி ஊட்டிய வீடு அது. அதனால் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் சமயபுரத்துக்கு நடந்தே போவார். கால் வீங்கி வருவார். எனக்கு அம்மை இறங்கியதற்கான வேண்டுதல் என்றுதான் எல்லாரும் சொன்னோம். எனக்கு வந்தது சாதாரணச் சின்னம்மை, அதற்கு யாராவது ஆயுசு முழுக்க நடப்பார்களா?

அண்ணனும் தம்பியும் கடைசிவரை ஒரு சண்டை போட்டதில்லை. அண்ணன் தம்பி என்றால் இவர்களைப் போல இருக்க வேண்டும் என்று ஊரில் எடுத்துக்காட்டுவார்கள். இப்போது இருவரும் இல்லை, அம்மாவும் சித்தியும் இல்லை, ஜீயபுரம் போயிருந்த தம்பி தங்கைகளுக்கு இது தெரியவே தெரியாது.

இதில் சிலவற்றை யாராவது சரிபார்த்தால் நல்லது. அந்தப் படத்தின் பெயர் எனக்கு நினைவில்லை. பெரிய பிடிலுக்குச் சரியான பெயர் என்ன என்று தெரியாது. பரிசல் கட்டம் நான் சொல்கிற படத்தில்தானா என்பதும் இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். இன்னொன்று இருக்கிறது. அந்த நாலு பாகமும் எனக்குத் தனித்தனியாக இன்னும் ஞாபகம் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பிடில் பாகத்தில் பாதியை நானே இட்டுக்கட்டிக்கொண்டேனோ என்னவோ. நம் குடியிருப்பில் சங்கீதம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், பேரப்பிள்ளைகள் போனிலேயே பாட்டைப் பதிவு செய்து ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள் என்கிறார்கள். யாராவது என் அறைக்கு வந்தால் ஒவ்வொன்றாக முனகிக் காட்டுகிறேன். நாலும் சேருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்குச் சத்தமாகப் பாட வெட்கம், கொஞ்சம் கிட்டே வந்து உட்கார வேண்டும்.